கோடு வரைக்கும் எச்சில்

கல்யாண வரவேற்புகளில் மைக் பிடித்து ஆட்களைச் சிரிக்க வைப்பது என் வாரக் கடைசி வேலை. மற்ற நாட்களில் பங்சாரில் ஓர் அலுவலகத்தில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பேன். சனி ஞாயிறு வந்துவிட்டால் கிள்ளான் பக்கத்து மண்டபங்களில் மாப்பிள்ளையின் வழுக்கையிலிருந்து மாமியாரின் சங்கிலி வரைக்கும் எதையும் விட்டுவைக்க மாட்டேன். மேடையில் எனக்குக் கூச்சம் என்பதே கிடையாது. ஆனால் ஓர் ஊசியைக் காட்டுங்கள், போதும். நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவேன்.

இதை நான் அடக்கமாகச் சொல்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் கேட்டால் இன்னும் விரிவாகச் சொல்வார்கள். இனிப்பு நீர் வியாதி இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்ல, மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு சின்ன மலாய்ப் பெண். என் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டினாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தெரியும். கண் விழித்தபோது கிளினிக்கின் கூரை விசிறி எனக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

"அங்கிள், பெலும் சுச்சோக் லா!" என்றாள் மிஸ்ஸி, அழாத குறையாக. இன்னும் குத்தவே இல்லையாம்.

காத்திருந்த ஓர் ஆன்டி பத்திரிகையால் எனக்கு விசிறிக்கொண்டே, "பாவம், ஹார்ட்டு போல" என்றார்.

"ஹார்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல ஆன்டி" என்றாள் என் மனைவி. "வெறும் பயம். எழுந்திரிங்க, மானம் போவுது."

இப்படிப்பட்ட ஒருவனுக்குக் கோவிட் காலம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் மூக்குக்குள் குச்சி விட்டார்கள். அதற்கும் நான் ஒரு கத்து கத்தி, வரிசையில் நின்றவர்களை எல்லாம் கலைத்தேன். அப்புறம்தான் மருந்துக்கடைகளில் எச்சில் கிட் வந்தது. ஒரு குப்பி, ஒரு சின்னப் புனல். துப்பு, குலுக்கு, சொட்டு விடு, கோட்டைப் பார். குத்தல் இல்லை, குடைச்சல் இல்லை. எனக்கு அதைக் கண்டுபிடித்தவனின் காலில் விழலாம் போலிருந்தது. அலுவலகத்தில் வாரத்துக்கு ஒரு தடவை சோதனை செய்யச் சொன்னால் நான் இரண்டு தடவை செய்தேன்.

அதிலிருந்து எச்சிலுக்கு நான் பிரசாரகன் ஆகிவிட்டேன். மாமாக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டு சொல்வேன்: இனிமேல் எல்லாவற்றையும் எச்சிலிலேயே பார்க்கப் போகிறார்கள், ஊசிக் கம்பெனிக்காரன் எல்லாம் கடையைச் சாத்த வேண்டியதுதான். மனைவி, "அப்ப உங்க இனிப்பு நீரை எச்சில்ல பாத்துட்டு வாங்க" என்றாள். மருந்துக்கடையில் கேட்டேன். ஆராய்ச்சி நடக்கிறது, இன்னும் நம்பிக் கொடுக்கிற அளவுக்கு வரவில்லை என்றார்கள். "வந்துடும் லா" என்று வீட்டில் வந்து சொல்லிவிட்டு, அது வரும்வரை கிளினிக்குக்குப் போகாமல் இருந்துகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கிள்ளானில் சேலைக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் பிளவுஸ் தைத்துப் பிழைத்தவள். அத்தான் போய் வெகு காலம் ஆகிறது. ஒரே மகள், படித்து முடித்து ஷா ஆலாமில் வேலை பார்க்கிறாள். எங்கள் அம்மாவும் இதே நோயில்தான் போனார். அதனால் டாக்டர் சொன்னபோது அக்கா பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "எப்ப வரும்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். பயந்தது நான்தான். வழக்கம்போல.

சிகிச்சைக்கு அக்காவைக் காரில் கூட்டிப் போவது என் பொறுப்பு. ஒவ்வொரு முறை மருந்து ஏற்றுவதற்கு முன்னும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். நான் ரத்தம் எடுக்கும் அறையின் வாசல் வரைக்கும்கூடப் போகமாட்டேன். கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, வராத போன் வந்ததுபோல் பேசிக்கொண்டிருப்பேன். அக்கா முழங்கையை மடக்கி, பஞ்சை அழுத்திக்கொண்டு வருவாள்.

"முடிஞ்சிதா க்கா?"

"எனக்கு முடிஞ்சிது. உனக்கு முடிஞ்சிதா? மூஞ்சைப் பாரு, வெளுத்துப் போயி."

நாள் போகப் போக அவள் கையில் நரம்பு கிடைப்பது கஷ்டமாயிற்று. ஒரு கையில் குத்திப் பார்த்து, மறு கையில் குத்திப் பார்த்து, கடைசியில் புறங்கையில் எடுப்பார்கள். இரண்டு கையிலும் நீலமும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். நாள் முழுக்க ஊசியோடு வாழ்ந்தவள். விரலில் குத்திக்கொண்டால் வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த தையலுக்குப் போகிறவள். அவளே ஒரு நாள் காரில் ஏறியதும், "இன்னிக்கு வலிச்சிதுடா" என்றாள். வழி முழுக்க நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. ஃபெடரல் ஹைவேயில் ஜாம் இருந்தும் சொல்லவில்லை.

ஒரு நாள் டாக்டர் எங்களை மரபணு ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் எங்கள் ஆள். தமிழ் பேசும் பெண் டாக்டர். அக்கா, அக்கா மகள், நான், மூன்று பேரும் எதிரே உட்கார்ந்தோம். அம்மாவுக்கும் வந்து மகளுக்கும் வந்திருப்பதால் இது பரம்பரையாக வருவதா என்று பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அக்கா நேராகக் கேட்டாள். "என் பொண்ணுக்கு நான் இதைக் குடுத்துட்டுப் போறேனா, இல்லையா? அது தெரிஞ்சா எனக்குப் போதும் டாக்டர். வேற ஒண்ணும் தெரிய வேணாம்."

"அதுக்கு முதல்ல உங்களைப் பாக்கணும் க்கா" என்றார் அவர். "நோய் வந்தவங்ககிட்டதான் முதல்ல தேடணும். உங்ககிட்ட இந்த எடத்துல பழுதுன்னு கண்டுபிடிச்சிட்டா, மகள்கிட்ட அந்த ஒரே எடத்தைப் பாத்தாப் போதும். அவங்களுக்கு அது இல்லைன்னா, இல்லைன்னு அடிச்சுச் சொல்லிடலாம். உங்களைப் பாக்காம அவங்களை மட்டும் பாத்தா, ஒண்ணும் தெரியலைன்னு வந்தாலும் அதை நம்ப முடியாது. நமக்குப் பாக்கத் தெரியாத எடத்துல இருக்கலாம்."

"அளவு பிளவுஸ் இல்லாம தைக்கிற மாதிரி" என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டார். "அதே தான். இதுக்கு ரத்தமும் குடுக்கலாம், எச்சிலும் குடுக்கலாம். வாயில இருக்கிற செல்லுலயும் அதே ஜீன்தான். எது வசதியோ அது."

"எச்சில்!" என்றேன் நான். "எச்சில் டாக்டர், எச்சில்."

"உங்களைக் கேக்கலையே அங்கிள்."

அக்கா மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்து ஒரு நிமிடம் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "எச்சிலே எடுத்துக்கட்டும். ஒரு ஊசி மிச்சம்" என்றாள். எனக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. என் பிரசாரத்துக்கு முதல் வெற்றி. கார் வரைக்கும் எச்சிலின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தேன்.

கிட் கூரியரில் வந்தது. அதற்குள் எனக்குள் வேறொரு பீதி புகுந்துவிட்டது. பழுது இருக்கிறது என்று வந்துவிட்டால்? அக்கா மகளுக்கும் என்றால்? என் மகளுக்கும் என்றால்? பயம் வந்தால் கோயிலுக்கு ஓடுவது எங்கள் குடும்ப வழக்கம். நான் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் கண்ணில் பட்ட கோயிலில் எல்லாம் இறங்கி, அக்கா பேருக்கு அர்ச்சனை செய்தேன். சனிக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸ் முருகன் கோயிலில் குருக்கள் கொடுத்த திருநீற்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன்.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குப்பி தயாராக இருந்தது. விரல் உயரம்தான் இருக்கும். நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு வரைக்கும் எச்சில் வேண்டும். நுரை கணக்கில் வராது. உள்ளே இருந்த தாளில் மலாய், ஆங்கிலம், சீனம் மூன்றும் இருந்தன. நான் மண்டபத்தில் அறிவிப்பதுபோல் தமிழில் வாசித்தேன். "அரை மணி நேரத்துக்குச் சாப்பிடக் கூடாது. குடிக்கக் கூடாது. சிகரெட் பிடிக்கக் கூடாது. சுவிங்கம் மெல்லக் கூடாது."

"சிகரெட்டை எப்படிடா விடுறது" என்றாள் அக்கா. வாழ்நாளில் புகை நாற்றம் பிடிக்காதவள்.

அக்கா மகள் போனில் மணியைப் போட்டாள். அந்த அரை மணியும் நாங்கள் அக்காவுக்கு ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அக்கா கேட்டும் கொடுக்கவில்லை. அவ்வளவு ஒழுங்கு. மணி அடித்ததும் அக்கா எழுந்து சாமி மேடைக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு காரியம் தொடங்கும்போது வேறு எங்கே போய் நிற்பது? நான் பொட்டலத்தைப் பிரித்து அவள் நெற்றியில் பூசினேன். அவள் வாயைத் திறந்தாள். நாக்கில் ஒரு சிட்டிகை போட்டேன். எங்களுக்குப் பரீட்சைக்குப் போகும்போதும், லைசென்ஸ் எடுக்கப் போகும்போதும், அக்காவைப் பெண் பார்க்க வந்தபோதும் அம்மா செய்தது அதுதான். நோயாளிக்கு என்றால் கேட்கவே வேண்டாம். மூன்று பேரில் ஒருவருக்கும் அதில் எதுவும் தோன்றவில்லை. திருநீறு சாப்பாடா என்ன?

அப்புறம்தான் உண்மையான சிக்கல். அக்காவின் வாயில் எச்சிலே இல்லை. மருந்து ஏற ஏற வாய் வறண்டுபோயிருந்தது. புனலை உதட்டில் வைத்துக்கொண்டு முயன்று பார்த்தாள். அதிலும் எங்கள் முன்னால் துப்ப அவளுக்கு வெட்கம். "அந்தப் பக்கம் திரும்பிக்குங்கடா" என்றாள். தண்ணீரையே அண்ணாந்து குடிப்பவள் அவள். தம்ளரின் விளிம்பில் யார் உதடாவது பட்டால் கழுவி வைத்துவிட்டுத்தான் மறுவேலை. சின்ன வயதில் எனக்கு மிட்டாயில் பங்கு கொடுத்தபோதுகூடப் பாவாடை நுனியில் சுற்றிக் காக்காய்க் கடி கடித்துத்தான் கொடுப்பாள். அப்படிப்பட்டவளை ஒரு குப்பிக்குள் துப்பச் சொல்லி, அதைக் கூரியர்காரன் கையில் கொடுத்தனுப்பப் போகிறோம்.

"வரலைடா" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வர வைக்கிறேன் இரு" என்று நான் எழுந்தேன். கையில் ரிமோட்டை மைக்காகப் பிடித்தேன். "தாய்மார்களே, பெரியோர்களே! பக்கத்து வீட்டு வாத்தியார் வீட்டு மாமரம். சுவருக்கு இந்தப் பக்கம் தொங்குற காய். நல்ல பச்சை. கடிச்சா பல்லு கூசணும். அதை என் அக்கா கத்தியில கீறுறா. சின்னத் தட்டுல சோயா கீச்சாப்பு ஊத்துறா. சீனி போடுறா. பச்சை மிளகாய நறுக்கிப் போடுறா..."

"சிலி பாடியா?" என்று அக்கா மகள் எடுத்துக் கொடுத்தாள்.

"சிலி பாடிதான் மா. காரம் உச்சி மண்டையில ஏறணும்ல. அந்தத் துண்டை எடுத்து, கீச்சாப்புல முக்கி, சொட்டச் சொட்ட..."

"சும்மா இருடா, சிரிப்பு வருது" என்றாள் அக்கா. முதுகு குலுங்கியது. பிறகு குப்பியில் ஏதோ விழுகிற மெல்லிய சத்தம். நான் விடவில்லை. நெல்லிக்காய்க்குப் போனேன், உப்பில் ஊறிய அசாம் போய் பழத்துக்குப் போனேன், பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் விற்கிற ஊறப் போட்ட அம்பராங்காய்க்குப் போனேன். எனக்கே வாயில் ஊறிக் கொட்டியது. என்னுடையதை எடுத்துக்கொள்ள முடியாதா என்றுகூடக் கேட்டேன். ஒரு மாப்பிள்ளையும் என்னிடம் அவ்வளவு உழைப்பை வாங்கியதில்லை.

கோடு வரைக்கும் வந்தபோது அக்கா களைத்துப் போயிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; சிரித்ததாலா வேறெதனாலா என்று நான் கேட்கவில்லை. அக்கா மகள் மூடியைத் திருகி, உள்ளே இருந்த நீல மருந்து கலக்கும்படி குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் கலங்கலா இருக்கு மாமா."

"உங்கம்மா எச்சில் அது. பிளவுஸ் துணி மாதிரி நல்ல கனமாத்தான் இருக்கும்" என்றேன். மூவரும் சிரித்தோம். மூடி ஒட்டி அனுப்பிவிட்டோம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அக்காவுக்கு மருந்தை மாற்றியிருந்தார்கள். ஒரு மதியம் ஆய்வுக்கூடத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. சீனப் பெண்ணின் குரல், மிகவும் மரியாதையாக. மாதிரி சரியாக வரவில்லையாம், இன்னொரு தடவை எடுக்க வேண்டுமாம்.  அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

"அங்கிள், உள்ளே ஏதோ பவுடர் மாதிரி அடியில நிக்குது" என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். "ஆன்டி அதுக்கு முன்னாடி ஏதாவது சாப்ட்டாங்களா? டூத் பவுடர்?"

"நோ, நோ. ஒன்றுமே கொடுக்கவில்லை. தண்ணீர்கூட இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தவன் அப்படியே நிறுத்தினேன். என் சட்டைப் பையில் அன்றைக்கும் ஒரு பொட்டலம் இருந்தது.

நான் சொன்னேன். கோயில், சாம்பல், நாக்கு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னேன்.  "ஓ, ஓகே" என்றாள். பிறகு அவளாகவே, அதனால்தான் என்று சொல்ல முடியாது, வாய் வறண்டவர்களுக்குச் செல்கள் குறைவாகவும் இருக்கலாம், ஆன்டியிடம் சாரி சொல்லுங்கள், புது கிட் இலவசமாக அனுப்புகிறோம் என்றாள். அவள் சாரி சொன்னது எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அக்காவிடம் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. "பழனிக்காரனே வேணாம்னு சொல்லிட்டானாடா?" என்றாள். அவ்வளவுதான்.

புது கிட் வந்த வாரம் அக்கா வார்டில் இருந்தாள். மாற்றிய மருந்து வாய் முழுக்கப் புண்ணாக்கியிருந்தது. தண்ணீரை முழுங்கவே முகம் சுளித்தாள். உதட்டில் புனலை வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மரபணு டாக்டர் போனில், "காத்திருக்க வேணாமே, ரத்தத்துல எடுத்துடலாம். வார்டுல சொல்லிக் குப்பியை அனுப்பிவைக்கட்டுமா?" என்று கேட்டார். நான் உடனே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அக்காவின் கையை நினைத்தேன். கையை மட்டும் நினைத்தேன் என்று சொன்னால் பொய். அந்த ரப்பர் பட்டை, அந்த ஸ்பிரிட் வாசனை எல்லாமே நினைவுக்கு வந்தன. "புண்ணு ஆறிடும் டாக்டர், எச்சிலே எடுத்துக்கலாம். எதுக்கு அவளை இன்னும் குத்திக்கிட்டு?" என்றேன். அக்காவிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றார் அவர். அக்காவிடம் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்றுதான் இப்போது யோசித்துப் பார்க்கிறேன். "புண்ணு ஆறுனதும் துப்பிடலாம்ல க்கா?" என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் காலை நான் வார்டில் இருந்தபோது மிஸ்ஸி தட்டோடு வந்தாள். வழக்கமான ரத்தச் சோதனைதான். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், வெளிய போயிடு" என்றாள் அக்கா, புண் வாயால் மெதுவாக. "நீ விழுந்தா மிஸ்ஸிக்கு ரெண்டு பேஷன்ட்டு."

மிஸ்ஸி சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். வராந்தாவில் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, கோடியில் இருந்த செடித்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவளுக்கு அன்றைக்கும் குத்தத்தான் குத்தினார்கள். வேண்டாம் என்று சொல்லி நான் மிச்சப்படுத்திய ஊசி எதுவும் இல்லை. அதே ஊசி, அதே குத்து. இன்னொரு குப்பி மட்டும் பிடித்திருந்தால் போதும். அவள் அந்த ஒரு கேள்வியோடு படுத்திருந்தாள். அதற்கான பதில் அவள் கையிலேயே, ஒரு குப்பி தூரத்தில் இருந்தது. நான் செடித்தொட்டி பார்த்துக்கொண்டிருந்தேன்.

புண் ஆறவில்லை. காய்ச்சல் வந்தது. பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அக்கா போய்விட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அக்கா மகள் ஒரு நாள், "மாமா, அந்த டாக்டர்கிட்ட போயிட்டு வரலாமா?" என்றாள். போனோம். மருத்துவமனையில் வைத்திருந்த அக்காவின் பழைய சதைத் துணுக்கில் பார்க்க முடியுமா என்று டாக்டர் முயன்று பார்த்தார். இருந்ததை எல்லாம் முதல் சோதனைகளுக்கே எடுத்துவிட்டார்களாம். மீதி இருந்தது போதவில்லை. அம்மா இல்லாததால் மகளையும், அம்மா பக்கத்து உறவாக என்னையும் பார்க்கலாம் என்றார்.

"எச்சில் போதும் அங்கிள், உங்களுக்கு" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்து.

"ரத்தமே எடுங்க" என்றேன். வீரம் ஒன்றும் இல்லை. எச்சில் என்ற சொல்லை அன்றைக்கு என்னால் கேட்க முடியவில்லை. படுக்க வைத்து எடுத்தார்கள். படுத்துக்கொண்டு மயங்குவதில் ஒரு வசதி, மேற்கொண்டு விழ இடமில்லை. கண் விழித்தபோது அக்கா மகள் என் நெற்றியில் ஈரத் துணியை வைத்துக்கொண்டிருந்தாள். தன் கையில் ஒட்டியிருந்த பஞ்சை அவள் ஏற்கெனவே எடுத்துப் போட்டுவிட்டிருந்தாள்.

முடிவுகள் வந்தன. அவளிடம் ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. என்னிடமும் இல்லை. நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"அம்மாகிட்ட என்ன இருந்துச்சின்னு நமக்குத் தெரியாது மா" என்று அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "அம்மாகிட்ட ஒண்ணு இருந்து, அது உங்களுக்கு வராம இருந்திருக்கலாம். அப்படின்னா நீங்க மத்தவங்க மாதிரிதான், கவலையே இல்ல. இல்ல, இன்னும் கண்டுபிடிக்கத் தெரியாத ஒண்ணு அவங்ககிட்ட இருந்து, அது உங்களுக்கும் வந்திருக்கலாம். எதுன்னு என்னால சொல்ல முடியல. அதனால வருஷா வருஷம் ஸ்கேனுக்கு வந்துடுங்க."

"எத்தனை வருஷத்துக்கு டாக்டர்?" என்று கேட்டாள்.

டாக்டர், "தொடர்ந்து" என்றார்.

இருவரும் காரில் ஏறினோம். சுங்கை வே தாண்டும்போது கேட்டாள். "மாமா, இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?"

மேடையில் யார் எதைக் கேட்டாலும் அந்த நொடியே எனக்குப் பதில் வந்துவிடும். அன்றைக்கு முன்னால் போன லோரியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவள் என் மீது கோபப்பட்டதே இல்லை. திருநீற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அக்கா வார்டில் இருந்தபோது நான் டாக்டரிடம் போனில் என்ன சொன்னேன் என்று ஒரு நாள் நானே சொன்னபோதும், "அம்மாவுக்கு வலிக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க" என்று முடித்துக்கொண்டாள். பாதி உண்மை அது. மீதிப் பாதியை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது வருடத்துக்கு ஒரு முறை பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு ஸ்கேனுக்குப் போகிறேன். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும். சொந்தக் கார் இருக்கிறது. "நானே போயிக்கிறேன் மாமா" என்று முதல் வருடமே சொன்னாள். தாய்மாமன் எதற்கு இருக்கிறேன் என்று சத்தம் போட்டு அடக்கிவிட்டேன். பெண்கள் பகுதி என்பதால் என்னை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் கணவன்மார்களிடம் நான் பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைப்பேன். அவள் பெயரைக் கூப்பிட்டதும் என் பேச்சு நின்றுவிடும்.

சென்ற மாதம் போனபோது வழக்கத்தைவிட நேரமாயிற்று. இன்னொரு கோணத்தில் எடுக்க வேண்டும் என்று அவளை மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த சீனக் கிழவர், "ஃபர்ஸ்ட் டைம் ஆ, பாஸ்?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் வெளியே வந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்ன மாமா இப்படி வேர்த்திருக்கீங்க? ஸ்கேன் எனக்கா உங்களுக்கா?"

"என்ன சொன்னாங்க?"

"இந்த வருஷம் ஒண்ணும் இல்லையாம்."

அப்பாடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'இந்த வருஷம்' என்றுதானே சொன்னாள் என்று மூடிக்கொண்டேன். அவள் கவுண்டருக்குப் போய், அடுத்த வருடத்துக்கான நாளை வாங்கி, என் போனிலும் பதிந்து என்னிடம் கொடுத்தாள். இருபத்தாறு வயதில் தொடங்கியவள், இப்போது இருபத்தொன்பது. அக்காவின் வயதுக்கு அவள் வரும்போது இந்தக் காரை ஓட்ட நான் இருக்கமாட்டேன். அக்காவின் ரத்தம் தந்திருக்கும் ஒற்றைப் பதிலில் முடிந்திருக்கக்கூடிய நடை இது.

"வாங்க மாமா" என்றாள், லிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு. போனேன்.